கவாத்து செய்யப்பட்ட கணினி

கெர்னல் பேனிக் என்று திரையில் வந்து நின்றதைத் தேவசிகாமணி மறுபடியும் படித்தார். பேனிக் என்றால் பீதி என்று அவருக்குத் தெரியும். கணினிக்கு என்ன பீதி வேண்டிக் கிடக்கிறது? பீதி அடைய வேண்டியவர் அவரல்லவா!

"ரெண்டு பேர் வர்றாங்கப்பா. நல்லா பாத்துக்கங்க. எதையும் சொதப்பிறாதீங்க" என்று மகன் கிறிஸ்டோ நேற்றே பெங்களூரிலிருந்து சொல்லியிருந்தான். மலைமேல் கொட்டச்சேட்டில் இருக்கும் வீட்டின் மாடி அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் கிழவரின் பிழைப்பு. வீடு மகன் பெயரில். மனைவி தேவகுமாரி போன துக்கத்தில், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"இன்னொரு கெஸ்ட்டு குறை சொன்னா மூடிருவோம்ப்பா. எங்ககூட வந்து இருந்துக்கங்க" என்று போன மாதம் சொல்லிவிட்டான். எங்ககூட என்றால் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு மடக்குக் கட்டில். அதில் ஒரு வாரம் படுத்துப் பார்த்தவர் அவர். அதைவிடக் கல்லறைத் தோட்டம் காற்றோட்டமாக இருக்கும் என்று முடிவு கட்டித் திரும்பியிருந்தார்.

குறைகளெல்லாம் கணினியால் வந்தவை. யாருக்கு எந்த அறை, எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அது கண் விழிப்பதற்குள் வந்தவர்கள் பெட்டியோடு கால் கடுக்க நிற்பார்கள். 'முதியவர் நல்லவர், ஆனால் மெதுவானவர்' என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். கணினியைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

வீடியோக்களைப் பார்த்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கணினியின் எல்லா வேலைகளையும் கட்டி மேய்ப்பது கெர்னல். அதில் வேண்டாத பாகங்களை நீக்கி நாமே புதிதாகச் செய்துகொண்டால் சிட்டாகப் பறக்குமாம்.

நீக்குவதா? ஆயுசு முழுக்க எஸ்டேட்டில் காபிச் செடிக்குக் கவாத்து பார்த்த மனிதரிடமா சொல்கிறார்கள்! காய்க்காத கிளையை வெட்டு, அவ்வளவுதானே. ஒவ்வொரு பாகமாகக் கேட்டுக்கொண்டே வந்தது. ஹாம் ரேடியோ வேண்டுமா? இந்த வீட்டில் எதற்கு, வெட்டு. பேர் தெரியாததெல்லாம் காய்க்காதது, வெட்டு. வெட்டியதில் ஒன்று, எல்லாம் சேமித்திருக்கும் வட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே பாகம். இப்போது கணினி தன் வட்டையே அடையாளம் தெரியாமல் முழித்தது.

பழைய கெர்னலுக்கே திரும்பலாம் என்றது வீடியோ. புதுத் தளிர் வந்தபின் பழைய குச்சி எதற்கு என்று அதையும் நேற்றே வெட்டி எறிந்திருந்தார்.

வாசலில் கார் வந்து நின்றது.

"வாங்க சார், வாங்கம்மா. தேவசிகாமணிங்க. கிறிஸ்டோவோட அப்பா. பேருங்க?"

"பிரபாகர். இவங்க என் ஒய்ஃப் சுஜாதா."

தேவசிகாமணி செத்த திரையைப் பார்த்து, படிப்பதுபோல் தலையாட்டினார். "ஆமாங்க, இருக்குதுங்க. ஒரு அஞ்சு நிமிசம்."

"அவசரமே இல்ல சார். நாங்க சுத்திப் பார்க்கறோம்" என்றார் பிரபாகர்.

இப்படி ஒரு விருந்தாளியா! தேவசிகாமணிக்குக் கண் கலங்கியது. அந்த நன்றியில் நாணம் விட்டுப்போய், அவர்களிடமே லேப்டாப்பைக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். அதில் பென் டிரைவைச் செருகி மீட்பு நிரல் தயாரித்து, கணினியை எழுப்பி, மறுபடி கெர்னலைக் கட்ட ஆரம்பித்தார்.

சுஜாதா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தண்ணி கிணறா, போரா?"

"கிணறுங்கம்மா. கோடையிலயும் வத்தாது."

"பின்னால அந்த சில்வர் ஓக் மரம் வரைக்கும் உங்களுதா?"

"அதுக்கும் அந்தாண்ட வேலி வரைக்கும்ங்க!"

இத்தனை பிரியமாக யாரும் விசாரித்ததில்லை. வருபவர்கள் வைஃபை கடவுச்சொல்லைத்தான் கேட்பார்கள். அவர் எழுந்து போய்க் கிணற்றைக் காட்டினார், மிளகுக் கொடியைக் காட்டினார். திரும்பி வருவதற்குள் மேகம் இறங்கி மின்சாரம் போயிருந்தது. யு.பி.எஸ். இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது.

மின்சாரம் வந்தபோது பீதியும் இல்லை. கிரப் ரெஸ்க்யூ என்று ஒற்றை வரி. காப்பாற்று என்று கணினியே கெஞ்சியது.

கிறிஸ்டோவை அழைத்தார். எடுக்கவில்லை. 'மீட்டிங்' என்று குறுஞ்செய்தி வந்தது. அப்பன் அழைத்தால் மட்டும் அவனுக்கு எப்போதும் மீட்டிங்.

இனி ஒன்றுதான் வழி. எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவது. வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்று அது கேட்டது. ஆம் என்றார்.

கொஞ்ச நேரத்தில் கணினி படபடவென்று எழுந்தது. என்ன வேகம்! உள்ளே ஒன்றுமே இல்லை. பதிவுகள் இல்லை, பழைய விருந்தினர்கள் இல்லை. தேவகுமாரி இருந்த காலத்துப் படங்களும் அதில்தான் இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"என்ன சார், ஆச்சா?" பிரபாகர் உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். எல்லாம் அழிஞ்சு போச்சுங்க. உங்களுக்கு எந்த ரூம்னுகூடத் தெரியலைங்க. தயவுசெஞ்சு என் பையன்கிட்ட மட்டும் குறை சொல்லிராதீங்க."

"ஐயோ, குறையா? எங்களுக்கு ரொம்பத் திருப்தி சார். சாயங்காலமே கிறிஸ்டோகிட்டச் சொல்லிடறேன். ஆமா, இந்த வழியா பெரிய பஸ் வருமா?"

"தாராளமா வருமுங்க!"

பஸ்ஸில் ஒரு கூட்டத்தையே அழைத்து வருவார்கள் போலிருக்கிறது! போன உயிர் திரும்பி வந்தது. லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தார். அவர்கள் கடைசியாகச் சரிவைப் படமெடுக்கப் போனார்கள்.

அவர்களைக் காரில் கூட்டி வந்த அடிவாரத்து டிரைவர் அங்கப்பன் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். தேவசிகாமணி காபியே போட்டுக் கொடுத்தார்.

"எத்தனையோ கெஸ்ட்டு பாத்துட்டனுங்க. இப்படித் தங்கமான மனுசங்களைப் பாத்ததில்ல. இவ்வளவு கூத்துக்கும் ஒரு வார்த்தை குறை சொல்லலியே!"

அங்கப்பன் ஒரு வாய் காபியை உறிஞ்சினார்.

"இடிச்சுப்போட்டு ரிசார்ட்டு கட்டப்போற ஊட்டுல என்னத்தைங்க குறை சொல்றது? ஏனுங்க, உங்க பையன் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"