முறிகண்டியில் நின்ற மோட்டார்சைக்கிள்

"பெரியப்பா, உங்கடை வீட்டிலை நீங்கள் ஆரோடை கதைக்கிறனீங்கள்?"

பக்கத்து வளவுத் தவராசாவின் மகள் விமலா ஒருநாள் இப்படிக் கேட்டுவிட்டாள். மயில்வாகனம் சிரித்துச் சமாளித்தார்.

"மாடுகளோடை."

"அதுகள் என்ன சொல்லுறது?"

அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஸ்கந்தபுரத்தில் அவருக்குக் காணி இருந்தது, வீடு இருந்தது. மனைவி அருந்ததி கண்மூடிய பிறகு அந்த வீட்டில் பேச்சுத்தான் இல்லை. இரவில் குசினியில் நின்றபடியே சாப்பிடுவார். யாராவது படலையில் நின்று கூப்பிட்டால், "வேலை கிடக்கு" என்பார். நாளடைவில் கூப்பிடுவதும் குறைந்துபோயிற்று.

மனிதர் கெட்டவரல்லர். தவராசாவின் வீடு முழுக்கக் காய்ச்சலில் விழுந்து கிடந்த வருடம், அவனுடைய வயல் மட்டும் காயாமல் நின்றது. அது எப்படி என்று தவராசா கேட்கவில்லை. மயில்வாகனமும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

குழந்தையின் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. கடைசியில் ஒரு முடிவோடு தவராசாவிடம் வந்தார்.

"நான் ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கப்போறன்."

"ஏன் அண்ணை?"

"வளவுக்குள்ளை ஒரு சத்தம் வேணும்."

"சத்தத்துக்கெண்டால் ஒரு ரேடியோ காணுமே."

"அது தன்ரை பாட்டுக்குக் கதைக்கும். நான் சொல்லுறதைக் கேளாது."

"மோட்டார்சைக்கிள் கேக்குமோ?"

"திருப்பினால் திரும்பும்" என்றார் மயில்வாகனம்.

முல்லைத்தீவில் செபமாலை என்ற மீன் வியாபாரி தன் பழைய மோட்டார்சைக்கிளை விற்க இருந்தார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். செபமாலை கடற்கரை மணலில் மயில்வாகனத்துக்கு ஓடப் பழக்கினார். விழுந்தாலும் நோகாத இடம். மயில்வாகனம் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

"நீயும் பழகன், தவராசா."

"எனக்கு மாட்டுவண்டி காணும் அண்ணை" என்று தவராசா கடலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான்.

செபமாலையின் மனைவி மார்கிறட் வாசலுக்கு வந்தாள். "குழம்பு கொதிக்குது. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"இல்லைப் பிள்ளை, நேரமாச்சு."

காசைக் கொடுத்து மோட்டார்சைக்கிளில் புறப்பட்டார்கள். ஒட்டுசுட்டானில் தேத்தண்ணிக் கடைக்காரர் கையைக் காட்டி மறித்தார்.

"அண்ணை, தேத்தண்ணி" என்றான் பின்னாலிருந்த தவராசா.

"பொழுதுபட்டால் யானை வந்திடும்."

மாங்குளத்தில் தெரிந்த ஒருவர் கை அசைத்தார். மயில்வாகனம் பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் அவர் பின்னால் போய்விட்டார். காலையில் பஸ்ஸிலிருந்து கண்ட முகங்களைக்கூட இப்போது காண முடியவில்லை. வாகனம் அவ்வளவு நல்ல வேகம். தவராசா பின்னால் திரும்பி அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் எந்த வாகனமும் அந்த வழியால் போவதில்லை. அவர்களும் நின்றார்கள். மயில்வாகனம் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போக, தவராசா மோட்டார்சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். குனிந்து பெற்றோல் தாங்கியின் கீழே எதையோ துடைத்தான்.

தேங்காய் உடைந்தது. உள்ளே அழுகல்.

மயில்வாகனத்தின் முகம் கறுத்தது. வந்து ஏறினார். அக்கராயன் பாதையில் திரும்பிய சிறிது தூரத்தில் மோட்டார்சைக்கிள் இருமிற்று, பிறகு அடங்கிவிட்டது. உதைத்தார். அசையவில்லை.

"பிள்ளையார் ஏற்கேல்லை" என்றார் மயில்வாகனம்.

திரும்பத் தள்ளிக்கொண்டு போய் வேறொரு தேங்காய் உடைத்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது. வந்து உதைத்தார். பலனில்லை. வாகனத்துக்கென்று தனியாக உடைக்கவில்லையே என்று நினைவு வந்தது, உடைத்தார். முன்சில்லுக்கு ஒன்று, பின்சில்லுக்கு ஒன்று. தவராசாவுக்கே பொறுக்கவில்லை.

"போதும் அண்ணை. பிள்ளையாருக்கும் வயிறு ஒண்டுதான்."

தேங்காய் விற்றவள் கேட்டாள்: "ஐயா, பெற்றோல் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?"

தாங்கியை ஆட்டினார்கள். பெற்றோல் நிறையத் தளம்பியது. இனித் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வழியில் முதல் வீட்டு வளவில் நுழைந்தார்கள். அது இளையதம்பி என்பவருடைய வளவு. அவர் தண்ணீர் கொடுத்ததோடு நிற்கவில்லை. வண்டியில் மாடுகளைப் பூட்டி, பின்னால் கயிறு கட்டி, மோட்டார்சைக்கிளை இழுக்கத் தொடங்கினார். மயில்வாகனம் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார். இருந்தவர் கை தவறி ஹோர்னை அமத்திவிட்டார். மாடுகள் வெருண்டு பாய்ந்தன. வண்டி பாதையில் நின்றது. மயில்வாகனம் வாய்க்காலில் கிடந்தார்.

சேற்றோடு போய் நின்ற அடுத்த வீடு அன்னபாக்கியத்தினுடையது. அவள் கிணற்றடியைக் காட்டினாள். குளித்து வந்தவருக்குப் பிட்டும் தயிரும் வைத்தாள். "நேரமாச்சு" என்று சொல்ல வாயெடுத்தவர், போவதற்கு வாகனம் இல்லையென்பதால் இருந்தார்.

"எந்த ஊர் நீங்கள்?"

"ஸ்கந்தபுரம். மயில்வாகனம்."

"அருந்ததியக்காவின்ரை மனிசனோ? அவாதான் எனக்குப் பாய் இழைக்கப் பழக்கினவா. ஒரு ஓலை பிசகினாலும் முழுக்கக் குலைப்பிச்சுப்போடுவா."

மயில்வாகனத்தின் கை கோப்பையில் நின்றுவிட்டது. அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எவ்வளவு காலம். "எனக்கும் அப்பிடித்தான்" என்றார் மெல்ல. "வேலியை நாலுதரம் பிரிச்சுக் கட்டினனான்."

அவள் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார்.

பொழுது சாயும்போது மோட்டார்சைக்கிளைப் பலபேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இளையதம்பி வந்தார், அன்னபாக்கியத்தின் புருஷன் வந்தார், வழியில் கண்டவர்களும் ஒரு கை கொடுத்தார்கள். எல்லோரும் மயில்வாகனத்தின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். கதிரை போதாமல் நெல்மூட்டைகளில் இருந்தார்கள். தேத்தண்ணிக்குச் சீனி முடிந்து பனங்கட்டி கடித்தார்கள். அன்றிரவு மயில்வாகனம் இருந்து சாப்பிட்டார்.

மறுநாள் லொறி ஓட்டும் கனகலிங்கம் வந்து பார்த்தார். தாங்கியின் கீழே கையை விட்டார்.

"அண்ணை, பெற்றோல் குழாயைப் பூட்டிப்போட்டு ஆரும் ஓடுவினமோ?"

திறந்து ஒரு உதை. மோட்டார்சைக்கிள் வளவே அதிர முழங்கியது. தன் முழங்கால் தட்டித்தான் பூட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று மயில்வாகனத்துக்குப் பட்டது. அத்தனை தேங்காயையும் நினைத்துத் தனக்குள் சிரித்தார். இந்தப் பகிடியைத் தவராசாவிடம் சொல்லியாக வேண்டும்.

தவராசா வயலுக்குப் போயிருந்தான். படலையில் விமலாதான் நின்றாள்.

"உன்ரை கொப்பருக்கும் மோட்டார்சைக்கிளைப் பற்றி ஒண்டும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார் மயில்வாகனம். "நல்ல சோடி."

விமலா உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா உலகச் சண்டைக் காலத்திலை திருகோணமலையிலை வெள்ளைக்காரன்ரை மோட்டார்சைக்கிள் ஓடித் திரிஞ்சவர், பெரியப்பா. அதை உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். விடியக்காலமை நீங்கள் எங்கடை வயலுக்குத் தண்ணி திறந்துவிட்டுட்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனீங்களாம், அதுமாதிரியாம்."