தந்தி வாத்தியம்

ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வு கிடைக்கும் என்று முதலில் சொன்னவர் நிச்சயம் கல்யாணம் ஆகாதவர். திருச்சியில் தந்தி ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் தந்தி அடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது எனக்கு வயது ஐம்பத்தைந்து. (இன்று எண்பதைத் தாண்டியவனுக்கு அது சின்னப் பையன் வயது. புத்தியும் அப்படித்தான் இருந்தது.) பொழுது போகாமல் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். என் மனைவி தனம், 'துவரம் பருப்பு' டப்பாவில் வேண்டுமென்றே சர்க்கரையைக் கொட்டி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெண்ணின் மாமியார் உறையூரிலிருந்து வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே, "சம்பந்தி இப்போ சும்மாத்தான் இருக்காரா?" என்று கேட்டார்.

தனத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "யாரு சொன்னா? மிருதங்கம் கத்துக்கிறாரு. புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துல பஜனையில வாசிக்கப் போறாரு. நீங்க அவசியம் வரணும்" என்றாள்.

எனக்கே அந்தச் செய்தி அப்போதுதான் தெரியும்.

சம்பந்தியம்மாள் போனதும், "ஏங்க, என் மானம் இனிமே உங்க கையிலதான் இருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

"கையில்தானே? என் கை வேகம் இந்த ஜில்லாவிலேயே யாருக்கும் கிடையாது" என்றேன். (வாய்க்கொழுப்பு.)

நாலு மாதம் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய்க் கற்றுக்கொண்டேன். வாத்தியார் பொறுமைசாலி. "கை நல்லா ஓடுதுங்க. எங்கே ஓடுதுன்னுதான் தெரியல. பதறாம வாசிங்க, அது போதும்" என்பார்.

சனிக்கிழமை வந்தது. சம்பந்தியம்மாளும் தனமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பாட்டு வரை ஒப்பேற்றிவிட்டேன். நாலாவதில் பாகவதர் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தனியா வாசிங்களேன்" என்று சிரித்தார்.

எனக்குப் பல் தந்தியடித்தது. பல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கையும் அடித்தது.

முன்வரிசையில் கோவிந்தசாமி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். என்னோடு ஆபீசில் வேலை பார்த்து, எனக்கு முந்தி ஓய்வு பெற்றவன். சட்டென்று அரைக்கண்ணைத் திறந்தான். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பஜனை நோட்டீசின் பின்பக்கம் மளமளவென்று எழுதினான். எழுதி முடித்து, பழக்கதோஷத்தில் எழுந்து நின்று உரக்கப் படித்தான்.

"தந்தி! மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி!"

முப்பத்து மூன்று வருஷத்தில் நான் அதிகம் அடித்த வரி அதுதான். மூளை கைவிட்டாலும் அந்தக் கட்டு-கடா தட்டல் விரலுக்கு மனப்பாடம்; மிருதங்கத்தில் அதையே அடித்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் தந்தி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ஜனங்கள் அழுதுவிடுவார்கள், யாருக்கு என்று அப்புறம்தான் கேட்பார்கள். சம்பந்தியம்மாளின் தாயார் எண்பது வயதில் தொட்டியத்தில் இருந்தார். "ஐயோ, எங்கம்மா!" என்று எழுந்த சம்பந்தியம்மாள், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும் சரி, தொட்டியம் பஸ்ஸிலும் சரி, "அது வந்துங்க..." என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "ஆறுதல் சொல்லாதீங்க சம்பந்தி, தாங்காது" என்று இன்னும் உரக்க அழுதார்.

தொட்டியத்தில் அவருடைய அம்மா வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். "என்னைப் பத்தி வந்த தந்தியை எனக்கும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்று தாம்பாளத்தை என் முன்னால் நகர்த்தினார். வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட சம்பந்தியம்மாள், "தனம், உங்க வீட்டுக்காரர் சும்மா இருந்தாலே தேவலைங்க" என்றார். தனமே சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

மிருதங்கம் பரணுக்குப் போயிற்று. அது தோல் வாத்தியம் என்றுதான் ஊரே சொல்லும். எங்கள் வீட்டில் மட்டும் பேரன் பேத்திகள் வரை அதற்குப் பெயர் தந்தி வாத்தியம். நானும் கோவிந்தசாமியும் தினமும் சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து, கூழாங்கல்லால் படியில் தந்தி பாஷையில் தட்டித் தட்டியே ஊர் வம்பு பேசினோம். அதைவிட நல்ல பொழுதுபோக்கை நான் கண்டதில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, தொட்டியத்து அம்மாள் காலமாகிவிட்டார் என்று நிஜமாகவே ஒரு தந்தி வந்தது. நான் படித்துச் சொன்னதும் தனம் நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். மிருதங்கம் உறையோடு அங்கேயேதான் இருந்தது. அப்புறம்தான் அழுதாள்.