மேட்டில் மட்டும் ஒழுகிய கார்

கார் ஆயில் ஒழுகியது. மூன்று வாரமாக. நிறுத்தின இடமெல்லாம் கறுப்பு வட்டம்.

கார் கணவன், மனைவி இருவருக்கும் பொது. ஓட்டுவது மனைவி. குன்றின் மேல் இருக்கும் குடிநீரேற்று நிலையத்தில் பம்ப் இயக்குகிறாள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பார்சல் கவுண்டர். எந்தப் பெட்டி பிரிந்திருந்தாலும் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை.

இங்கேயும் ஒட்டினார். எஞ்சின் மூடிக்குப் புது கேஸ்கட் போட்டார். மறுநாள் பக்கத்தில் கசிந்தது. அங்கே பசை அப்பினார். அதற்கு மறுநாள் பின்னால் கசிந்தது. கடைசியில் எஞ்சின், மாடிப்படியில் உருண்டு கட்டுப்போட்டுக்கொண்ட ஆள் மாதிரி ஆகிவிட்டது.

தெருமுனை மெக்கானிக் குனிந்து பார்த்தார். எஞ்சினை இறக்கணும், ஒரு மாசம் ஆகும் என்றார்.

வீட்டுக்காரர் வேறு தீர்ப்பு வைத்திருந்தார். வாசலில் முக்கால் மணி நேரம் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு இல்லை. மனைவி வேலைக்குப் போய் வந்தால் மட்டும் ஒழுகுகிறது. அப்படியானால் குற்றவாளி யார்?

"நீ ஓட்டுற ஓட்டுதாம்மா. சாவியைக் கொடு. இனிமே பஸ்ல போ."

முதல் பஸ் ஏழு மணிக்கு. காலை ஷிஃப்ட் ஐந்தரைக்கு. பம்ப் ஹவுஸின் முழுப் பொறுப்பு அவளிடம் வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. தாமதமாகப் போனால் அது வேறு கைக்குப் போய்விடும்.

அவள் சண்டை போடவில்லை. வீட்டுக்காரர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. ஒரு தடவை நீங்களே மேட்டுல ஓட்டிக் காட்டுங்க. ஒழுகலைன்னா சாவி உங்களுது."

"ஒழுகாது."

"ஒழுகிச்சுன்னா?"

"அப்புறம் நான் பானெட்டைத் தொடவே மாட்டேன். போதுமா?"

போதும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளையில் உள்ளே இருப்பது தெரிகிற, வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ரப்பர் வைத்து இறுக்கினாள். பானெட் சந்து வழியாக எடுத்து ஜன்னலுக்குள் விட்டாள். நடுவில் தொங்கவிட்டு வளைத்து, சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றினாள். மறுமுனை திறந்திருந்தது. அதை அவளே பிடித்துக்கொண்டாள்.

காருக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிறாயா என்றார் வீட்டுக்காரர். எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு முட்டுகிறது என்று இது காட்டும், பம்ப்பிலும் இப்படித்தான் பார்ப்போம் என்றாள்.

சமதரையில் கைக்குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி ஓட்டினார். தண்ணீர் அசையவில்லை. ஜெயித்த பெருமையில் அவருக்கு மீசை துடித்தது. மேடு வந்தது. வண்டி திணறியது.

"மிதிங்க. தினமும் நான் இதுலதான் ஏறுறேன்."

மிதித்தார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விசிலடித்தது. தண்ணீர் குழாயில் ஒரு சாண் ஏறியது. அப்புறம் ஒரே தாவலாக வெளியே பாய்ந்தது. திறந்த முனை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காது, கழுத்து, வெள்ளைச் சட்டை எல்லாம் சிவப்பு. பதற்றத்தில் வைப்பரைப் போட்டுவிட்டு ஓரமாக நிறுத்தினார்.

காருக்கு அடியில் புதிதாக மூன்று சொட்டு.

அவள் பானெட்டைத் திறந்தாள். தேடவில்லை. கை நேராகப் போனது. மெல்லிய ஹோஸ் ஒன்றைக் கழற்றி, அதிலிருந்த கட்டைவிரல் அளவு வால்வை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். போகக்கூடாத பக்கம் காற்று தாராளமாகப் போயிற்று.

"எஞ்சினுக்குள்ள சேர்ற புகையை வெளிய எடுக்கிற வழி இது. ஒருவழி வால்வு. டர்போ காத்து திரும்ப உள்ள வராம தடுக்கணும். இது தலைகீழா இருக்கு. மேட்டுல டர்போ தள்ளுறதெல்லாம் எஞ்சின் வயித்துக்குள்ள போய் முட்டுது. ஆயில் பின்ன எங்க போகும்? நீங்க ஒரு சந்தை ஒட்டினா அது வேற சந்தைத் தேடுது."

"தயாரிச்சவன் முட்டாள்."

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஹோஸைக் கழட்டிக் கழுவினது யாரு?"

வீட்டுக்காரர் வால்வை வாங்கிப் பார்த்தார். மேலே ஒரு அம்புக்குறி.

"அம்பு மேல பார்த்துத்தானே இருக்கணும்," என்றார் சன்னமாக.

முப்பது வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடத் தலைகீழாக வைக்காத மனிதர். அது அவளுக்கும் தெரியும். சிரிக்கவில்லை.

"பெட்டிக்கு அது சரிதாங்க. இதுல அம்பு காத்து போற பக்கம்."

திருப்பி மாட்ட இரண்டு நிமிஷம். மறுபடி தண்ணீர் ஊற்றி, இந்த முறை அவள் ஓட்டினாள். அவர் குழாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேட்டில் நன்றாக மிதித்தாள். தண்ணீர் எஞ்சின் பக்கமாக ஒரு விரற்கடை உள்வாங்கி, அப்படியே நின்றது. உச்சிவரை நின்றது. பாதி மேட்டிலேயே வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இவள் திறமையைக் கவனிக்கவில்லையே என்று தோன்றியது.

ஒரு வாரம் கழித்து மெக்கானிக் வந்தார். குனிந்தார். தரையைத் தடவினார். ஈரமில்லை.

"எஞ்சினை இறக்காமலே நிறுத்திட்டீங்களே சார். யார் பார்த்தது? பெரிய கைகாரரா இருக்கணும். நம்பர் கொடுங்க, எனக்கும் ரெண்டு வண்டி இப்படி நிக்குது."

வீட்டுக்காரர் டயரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"நம்பர் எதுக்கு," என்றார். "உள்ளதான் இருக்கா. எங்க வீட்டம்மா."