எருக்கு நிற்கும் வீட்டுக்குச் சம்பந்தி வருவது பற்றி

மரியாதைக்குரிய சம்பந்தி இசக்கிமுத்து அவர்களுக்கு, தாராவியிலிருந்து கணேசபாண்டியன் கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அங்கே சம்பந்தியம்மாளின் முழங்கால் தேவலையா? இதுவரை என் கடிதங்களை உங்கள் மகள் கலைச்செல்விதான் எழுதினாள். மாலை வகுப்பில் எழுத்துப் படித்துவிட்டதால் இதை நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் நான் நினைப்பதை அவள் மாற்ற முடியாது.

வாசலில் எருக்கு வளர்த்தால் வீடு ஆளில்லாமல் போகும், அதைப் பிடுங்காதவரை காதுகுத்துக்கு நீங்களும் வரமாட்டீர்கள், உங்கள் மகனையும் அனுப்பமாட்டீர்கள் என்று போனில் சொன்னீர்கள். தாய்மாமன் மடி இல்லாமல் பேத்திக்கு எப்படிக் காது குத்துவது?

நடந்ததைச் சொல்கிறேன். நீல டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, பாதி மணல் கலந்து வைத்தேன், எருக்குக்கு எவ்வளவு வெயிலும் சரிதான், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதனால் மழை தொடங்கியதும் கூரைக்கு வாங்கிய தார்ப்பாயை அதற்குக் கட்டினேன், கூரை ஒழுகியது, கலைச்செல்வி ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, “செடிக்குக் குடை, எங்களுக்குச் சட்டியா மாமா? நல்லாருக்கு உங்க நியாயம்” என்றாள், மழை போனதும் ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வந்தது.

உங்கள் பேச்சுக்காகப் பிடுங்கத்தான் போனேன். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை மராத்திக்காரர்கள் மாருதிக்கு, அதாவது அனுமாருக்கு, எருக்கிலை மாலை போடுவார்கள். பக்கத்துச் சந்து ஷெவந்தாபாய் ஓடிவந்து என் கையைப் பிடித்து, “பாபா, பாகல் ஹோ கயா கியா? சாமி பத்தா இது” என்று, சாமி இலையைப் பிடுங்கப் பார்த்த பைத்தியக்காரனாக்கித் திட்டி, மடி நிறையப் பறித்துக்கொண்டு போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இப்போது சனிக்கிழமை விடிந்தால் வாசலில் வரிசை நிற்கிறது. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. கலைச்செல்வி டீ போட்டே களைத்துப்போகிறாள். “ஆளில்லாம போகும்னுதான அப்பா சொன்னாவ? போனா தேவல மாமா” என்கிறாள்.

ஆகவே அந்தப் பேச்சு இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. செடி நிற்கும். இதில் மாற்றமில்லை. மனம் இரங்கி வாருங்கள்.

சின்னவர்களுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
கணேசபாண்டியன்

பின்குறிப்பு: இதை எழுதி முடிப்பதற்குள் அனுமன் ஜயந்தி வந்து போய்விட்டது. இலை, பூ, மொட்டு எதுவும் மிச்சமில்லை. டிரம்மில் நாலு குச்சிதான் நிற்கிறது. குச்சியை யாரும் செடி என்று சொல்லமாட்டார்கள். சீக்கிரம் தளிர்த்துவிடும். அதற்குள் தத்கால் டிக்கெட்டாவது எடுத்து, மகனையும் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கள்.