சுண்ணாம்புக்காரர் போடாத மூலை

சுண்ணாம்புக்காரரைப் போல ஓரவஞ்சனை பிடித்த மனிதரை இந்த நாடு பெற்றதில்லை, இனிப் பெறப்போவதும் இல்லை. எங்கள் அரியலூர் ஆட்டக்காரன் அடித்த பந்து ஒருநாளும் எல்லைக்கு வெளியே விழாது என்பது அவர் கட்சி. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் போய் விழுந்தாலும், "உள்ளதான் விழுந்துச்சு, அப்புறம் குதிச்சுப் போயிருக்கும்," என்று சாதிப்பார்.

அது யுத்த காலம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். பூப்பந்துக்கு மட்டும் ரேஷன் கிடையாது. சாயங்காலமானால் ஊரே மைதானத்தில் இருக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் மட்டை, நடுவில் வலை, மஞ்சள் கம்பளிப் பந்து. எங்கள் அணியில் நான் ஆறாவது ஆள். அதாவது, மட்டையோடு வேடிக்கை பார்ப்பவன்.

சுண்ணாம்புக்காரர் காளவாய்ச் சுண்ணாம்பு விற்பவர். மைதானத்துக் கோடுகள் அத்தனையும் அவர் உபயம். தகர டப்பாவோடு குனிந்தால் நாலு பக்கமும் முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். அந்த உரிமையில் நடுவரையே மிரட்டுவார்.

"கோடு போட்டவன் நானு. உள்ளயா வெளியயான்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா சார்?"

அவருடைய செல்லம் மணி. இடக்கைக்காரன். பின்வரிசையில் இடது மூலை அவனுடையது. எப்பேர்ப்பட்ட அடியையும் ஈ ஓட்டுகிற மாதிரி திருப்பி அனுப்புவான். அவன் ஆட வருமுன் சுண்ணாம்புக்காரர் அந்த மூலையில் மட்டும் குனிந்து கல் பொறுக்குவார். பையன் காலில் குத்திவிடுமாம்.

அந்த மணியைப் பெரம்பலூர்க்காரர்கள் எண்ணெய் ஆலையில் வேலை கொடுத்துக் கொத்திக்கொண்டு போனார்கள். செய்தி வந்த அன்றே சுண்ணாம்புக்காரர் ஏரிக்குப் போய், வேட்டி சட்டையோடு இறங்கி மூன்று முழுக்குப் போட்டார்.

"மணியத் தலமுழுகிட்டேன் தம்பி. இனிமே அவன் யாரோ, நான் யாரோ," என்றார் கரையில் நின்ற என்னிடம். மூக்கில் தண்ணீர் ஏறி ஒரு வாரம் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் மணிக்கு ஒரு திட்டு விழுந்தது.

ஊரும் சளைக்கவில்லை. பெரம்பலூர் அணியோடு மணி இங்கே ஆட வந்தபோது, "துரோகி! துரோகி!" என்று கத்தியதில் காபி கிளப் சர்வருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் முழுக்க அடுக்களைக்குச் சைகையில்தான் தோசை சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து ஆலையை மூடினார்கள். மணிக்கு முழங்கால் பிசகியிருந்தது. பெரம்பலூர் அணிக்கும் அவன் வேண்டாதவனாகிவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு ஊர் திரும்பினான். எங்கள் கழகத்தை நடத்திய நெல் மண்டி முதலாளி, வேறு இடக்கை அகப்படாததால் சேர்த்துக்கொண்டார். உடனே ஊர் தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

"வயித்துப் பொழப்புக்குப் போனான், பாவம். என்ன இருந்தாலும் நம்ம புள்ள," என்றார் அதே சர்வர்.

சுண்ணாம்புக்காரர் மட்டும் மாறவில்லை. பெரம்பலூரோடு ஆட்டம் வைத்த நாளில் வழக்கம்போல் வந்து கோடு போட்டார். இடது மூலையை மட்டும் மொட்டையாக விட்டுவிட்டார்.

"யோவ், அந்த மூலை என்னாச்சு?" என்றார் முதலாளி.

"அங்க யாருங்க நிக்கிறா?"

"மணி நிப்பான்ல?"

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க மொதலாளி."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் மனிதர் அசையவில்லை. கடைசியில் முதலாளியே காபி கிளப் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து மூலையை ஒப்பேற்றினார். அந்த எரிச்சலில் மணியிடம் திரும்பி, "இன்னைக்குத் தோத்தா நாளைலேருந்து நீ வரவேணாம்டா," என்று சொல்லிவிட்டார். மணி தலையாட்டினான். மட்டையை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரம்பலூர் அணி, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் வந்தது. பாதி வழி தள்ளிக்கொண்டு வந்த களைப்பு அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஆட்டம் தொடங்கியதும் சுண்ணாம்புக்காரர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, இப்ப அடிச்சது யாரு?"

"மணி."

"அப்படி யாரும் கெடையாது." சற்றுப் பொறுத்து, "நல்லா அடிச்சானா?"

நன்றாக அடிக்கவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவன் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் ஊர் தன் கருத்தை மறுபடி மாற்றிக்கொண்டே வந்தது. "பெரம்பலூர்க்காரன் அனுப்புன ஒற்றன்டா இவன்!" என்று சர்வர் கத்தினார். இரண்டாவது ஆட்டத்தில் சுண்ணாம்புக்காரரின் முதுகு பாதி திரும்பியிருந்தது. மூன்றாவதில் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் கடைசிப் புள்ளி. பந்து மணியின் மூலைக்குப் பறந்தது. வெளியே போகிறது என்று கணித்து அவன் தொடாமல் விட்டான். மண்ணில் பந்தின் தடம் இருந்தது. கோடுதான் இல்லை. சாம்பல் எப்போதோ காற்றோடு போய்விட்டது. "உள்ள!" என்று அவர்களும் "வெளிய!" என்று நாங்களும் கத்த, நடுவர் குனிந்து வெறுந்தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு டப்பாவோடு சுண்ணாம்புக்காரர் ஓடிவந்தார். குனிந்தார். விட்ட இடத்திலிருந்து கோட்டை இழுத்தார். நேராக வந்த கோடு, பந்தின் தடம் நெருங்கியதும் உள்பக்கமாக வளைந்து, தடத்தைச் சுற்றிக்கொண்டு போய் மூலையைச் சேர்ந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க சார். வெளியதான்."

"யோவ், இது கோடா, ஓடையா?" என்றான் பெரம்பலூர்த் தலைவன். நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புள்ளியை அவர்களுக்குக் கொடுத்தார். தோற்றுப்போனோம்.

கூட்டம் மணியைச் சூழ்ந்தது. முதலாளி வாயைத் திறக்குமுன் சுண்ணாம்புக்காரர் குறுக்கே புகுந்து நின்றார்.

"புள்ள மேல தப்பு இல்லீங்க. நான் ஒழுங்காக் கோடு போட்டிருந்தா இந்தத் தகராறே வந்திருக்காது. தோத்தது என்னாலதான். வேணாம்னா என்னைய வேணாம்னு சொல்லுங்க."

நடுவரிடம்கூட ஒருநாளும் விட்டுக்கொடுக்காத மனிதர், ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி சரி, நாளைக்கு ரெண்டு பேரும் நேரத்தோட வந்து தொலைங்க."

மணி அங்கேயேதான் நின்றான். சுண்ணாம்புக்காரர் அவன் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "தம்பி, அவன முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லு," என்றார்.

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை முழுக்கச் சுண்ணாம்பு. பரவாயில்லையென்று பிடித்துக்கொண்டேன்.