டெல்மர் மாமாவின் ஞானஸ்நானமும் தொட்டிக்குள் இருந்த மீனும்

மதிப்பும் பாசமும் மிக்க யூலா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ஆர்லெட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், டெல்மர் மாமாவின் இடது கால் பெருவிரலைத் தவிர. உங்கள் இடுப்பெலும்பு கூடிவருகிறதா? பர்மிங்காம் ஆஸ்பத்திரியில் சோளரொட்டிக்குச் சர்க்கரை போடுகிறார்களாமே, அதை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீர்களோ என்று அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் வருத்தப்படுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பற்றி மூன்று பேர் உங்களுக்கு போன் செய்து மூன்று விதமாகச் சொன்னார்களாம். மாமா ஆவியில் நிறைந்து கூவினார் என்று பாஸ்டர் ஸ்ட்ரவுட், அவருக்கு வலிப்பு வந்தது என்று ஆர்கன் வாசிக்கும் ஓபல் அக்கா, ஒன்றுமே நடக்கவில்லை என்று அப்பா. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மாமாவின் தலை முழுதாகத் தண்ணீருக்குள் போனதா, இல்லையா? முழுகாவிட்டால் அது ஞானஸ்நானம் இல்லை, நீங்கள் இத்தனை வருஷம் செய்த ஜெபமும் வீண். திரைக்குப் பின்னால் துண்டுகளோடு நின்றவள் நான். ஞானஸ்நானத் தொட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தியும் நான்தான். போனில் பேச எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் வெள்ளிக்கிழமை தொடங்கியது. மே மாதப் பௌர்ணமி, ஓடைக்கரையில் தர்பூசணி அறுத்து வைத்த மாதிரி வாசனை. மீன்கள் குழி பறித்து முட்டையிடுகின்றன என்று யாரும் சொல்லாமலே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தூண்டில் இரைக்கு ஒரு டப்பா சில்வண்டுகளோடு போனவர், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய மீன் ஒன்றை ஐஸ்பெட்டித் தண்ணீரில், குமிழி மோட்டார் ஓட ஓட, உயிரோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சிப்பிமீனு. மாநிலச் சாதனை. நீ படிச்சவ, உன் வாயால சொல்லு."

நம் ஊரில் தட்டையாக வட்டமாக இருக்கிற எல்லா மீனுமே பிரீம்தான், சோளமாவில் புரட்டிப் பொரித்தால் எல்லாம் ஒரே ருசிதான். நம் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பாவத்துக்கு எனக்கு அவை சூரியமீன்கள். அதில் நீலச்செவுள் வேறு, நெடுங்காது வேறு, சிப்பிமீன் வேறு, பச்சைமீன் வேறு. நான் குனிந்து பார்த்தேன். செவுள் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கிற காது மடலின் ஓரம் சிவப்பாக இருந்தது, அது சிப்பிமீனுக்கு உரியது. ஆனால் வாய்? சிப்பிமீனுக்கு நத்தையை நொறுக்கித் தின்கிற சின்ன வாய், கண்வரை எட்டாது. இதன் வாய் கண்ணுக்குக் கீழேவரை கிழிந்திருந்தது. சிப்பிமீனின் பக்கத்துடுப்பு நீளமாகக் கூராக இருக்கும், மடக்கினால் கண்ணைத் தாண்டும். இதற்குக் குட்டையாக, வட்டமாக இருந்தது. கன்னத்தில் நீலக் கோடுகள் வேறு. அதன் அம்மா அப்பா இருவரில் ஒருவர் பச்சைமீன், சந்தேகமே இல்லை. பச்சைமீனின் குணம் என்னவென்றால், வாய்க்குள் அடங்குவதை விழுங்கும், அடங்காததைக் கடிக்கும்.

"காது சிவப்பா இருக்கா, இல்லையா?" என்றார் அப்பா.

"இருக்குப்பா. ஆனா..."

"ஆனாவாம்! இவளை நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்பினேன், அந்த ஒத்தை வார்த்தையைக் கத்துக்கிட்டு வந்திருக்கா!"

சாதனையைச் சரிபார்க்க மீன்வளத் துறை அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார், அதுவரை அது உயிரோடு இருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் குளோரின், அதில் போட்டால் செத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் நம் பெத்தாபரா சபையில்தான் இருக்கிறது, சபையைப் பெருக்கித் துடைக்கிற அப்பாவிடம் சாவியும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்காகத் தொட்டியையும் அவரே நிரப்பி வைத்திருந்தார். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. "அப்பா, அதுல மாமா முழுகணுமே?" என்றேன். "சனிக்கிழமை எடுத்துடுவேன்மா" என்றார். புது இடத்தில் மீன் ஏங்கிப்போகக் கூடாது என்று ஓடைச் சரளை ஒரு வாளி கொட்டினார், தண்ணீர் சூடேற்றும் பெட்டியையும் அணைத்தார். சனிக்கிழமை முழுக்கப் பாடகர் குழு ஒத்திகை, கிட்டே போக முடியவில்லை. ஞாயிறு காலை வலையோடு போய்ப் பார்த்தால், சரளையை வாலால் விசிறி விசிறி, கடைசிப் படிக்குப் பக்கத்திலேயே அழகான வட்டக் குழி பறித்து, அதன்மேல் காவலாக நின்றுகொண்டிருந்தது ஆண் மீன். பெண் வராவிட்டாலும் குழியை விட்டுத்தராத ஜாதி. அப்பா வலையை இடப்பக்கம் போட்டால் அது வலப்பக்கம், வலப்பக்கம் போட்டால் அது அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கடிக்கிறது, அதற்குள் வாசலில் பாஸ்டரின் கார்.

"சிப்பிமீன் மனுசனைக் கடிக்காதும்மா. நத்தை தின்னுற வாய் அது" என்று என் காதில் சொல்லிவிட்டு, வலையைப் பியானோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, அப்பா முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபித்தேன், அத்தை.

மாமா வந்தார். வெள்ளை அங்கி, வெறுங்கால். நான் பிறப்பதற்கு முன்னால் ஓடையில் அவருக்கு ஞானஸ்நானம் வைத்தார்களே, இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் மீன்குழியைப் பார்த்ததும் "ஒரு நிமிஷம் இருங்க பாஸ்டர்" என்று தூண்டில் எடுக்கப் போனவர் போனவர்தானே. அதனால்தான் இந்த முறை பாஸ்டர் ஸ்ட்ரவுட் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "உள்ளே தொட்டியிலே வச்சுக்குவோம். அங்கே டெல்மரை இழுக்க மீன் கிடையாது."

"பாப்பா," என்றார் மாமா, "இந்தத் தடவையும் ஓடினேன்னா உங்க அத்தை அந்தக் கட்டில்லேர்ந்து எந்திரிக்கவே மாட்டா. நான் திரும்பினா பிடிச்சுத் தள்ளி விடு."

"சரி மாமா. ஆனா..."

"என்ன ஆனா?"

சொன்னால் ஓடுவார். சொல்லாவிட்டால் கடி வாங்கிக்கொண்டு ஓடுவார். "படி வழுக்கும் மாமா" என்றேன்.

பாஸ்டர் முதலில் இறங்கினார். அங்கிக்குள்ளே அவர் மார்புவரை ரப்பர் கால்சட்டை போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். மீன் வந்து அவர் ரப்பரில் மோதுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் மெதுவாக, "டெல்மர், காலை ஆட்டாதீங்க" என்றார்.

"நான் இன்னும் இறங்கவே இல்லையே பாஸ்டர்."

இறங்கினார். இரண்டாவது படியில் நின்றுவிட்டார். குனிந்து தண்ணீரையே பார்க்கிறார், அசையவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. ஓபல் அக்கா மறுபடி முதல் சரணத்திலிருந்து பிடித்தாள். பக்கவாட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது, வெளியே மாமாவின் வண்டி தெரிந்தது, என் கையிலிருந்த துண்டை நான் முறுக்கிக் கயிறாக்கிவிட்டேன். போச்சு, போகப் போறார், இதோ திரும்பப் போறார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு நேராகப் போய் அந்தக் குழியின் நடுவிலேயே காலை வைத்தார்.

பாஸ்டர் அவர் மூக்கைப் பிடித்து, முதுகைத் தாங்கி, பின்னால் சாய்த்தார். அத்தை, சத்தியமாகச் சொல்கிறேன்: நெற்றி, மூக்கு, காது, முன்னால் நிற்கிற அந்த ஒற்றை மயிர்க்கற்றை, எல்லாம் உள்ளே போயிற்று. அதே நேரத்தில் இடது கால் மேலே வந்தது. பெருவிரலில் மீன் தொங்கியது. தொட்டியின் சுவர் மறைத்ததால் சபையில் யாரும் பார்க்கவில்லை, பாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். வெளியே வந்த அந்த ஒரு விரல் கணக்கில் சேருமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு மாமா தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்து, "அல்லேலூயா!" என்று போட்ட சத்தத்தில் ஓபல் அக்கா இரண்டு முழங்கையாலும் ஆர்கனில் விழுந்தாள். மாமாவோ பாட்டுக்கே வாயசைக்காத மனிதர். சபை மொத்தமும் எழுந்து நின்று அழுதது. அப்பா மட்டும் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். அதற்குள் அப்பா தொட்டியைத் திறந்து வடியவிட்டு, முழங்கால் தண்ணீரில் மீனை அமுக்கி எடுத்திருந்தார். அதிகாரி அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கலப்புங்க. சிப்பிமீன் சாதனைக்கு ஆகாது" என்றார். "காது சிவப்பா இருக்கே?" என்றார் அப்பா. "இருக்கு. ஆனா..." என்று அவர் தொடங்கியதும், "நீங்களும் காலேஜா?" என்று கேட்டுவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். மீன் இப்போது கொல்லையில் பழைய மாட்டுத்தொட்டியில் இருக்கிறது. சபைக் கிணற்றிலிருந்து அப்பாவே தண்ணீர் சுமக்கிறார். கையால் சில்வண்டு ஊட்டி, தினமும் கடி வாங்குகிறார். "திமிரு பாரு" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்.

அத்தை, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இது மாமாவுக்குத் தெரியவே கூடாது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குத் தானாக வந்தார். சாப்பிடுமுன் கண்ணை மூடுகிறார். "ஏதோ ஒண்ணு என்னைத் தொட்டுச்சு" என்று பெட்ரோல் பங்கில்கூடச் சொல்கிறார். அது ஒரு மீன் என்று தெரிந்தால் மனிதர் நொறுங்கிவிடுவார், அடுத்த ஞாயிறே ஓடைக்குப் போய்விடுவார். படித்ததும் கிழித்துப்போடுங்கள். நாளை உங்களைப் பார்க்க வருகிற மாமாவிடமே வாழைப்பழ புட்டிங்கோடு இதையும் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் அவர் இல்லை.

நீங்கள் எழுந்து நடந்து, நம் சபையில் மூன்றாம் வரிசையில் உங்கள் இடத்தில் உட்கார ஆண்டவர் அருள் புரிவாராக. அம்மாவின் முத்தங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஆர்லெட்

பின்குறிப்பு: யூலா, இது டெல்மர் எழுதுறேன். புட்டிங் கவர் மேல சிந்திருச்சு, காய வைக்கத்தான் பிரிச்சேன். பாப்பா நல்லா எழுதியிருக்கா, ஆனா ஒண்ணு அவளுக்குத் தெரியல. ரெண்டாவது படியிலேயே நான் பாத்துட்டேன். அந்த வாயைப் பாத்தா பச்சைன்னு எனக்குத் தெரியாதா? குழி மேல நிக்குறான், காலை வச்சா கடிப்பான்னும் தெரியும். தூண்டிலு வண்டியிலதான் இருந்துச்சு, கதவும் தொறந்திருந்துச்சு. உன்னை நினைச்சுக்கிட்டு இறங்கிட்டேன். கடிச்சப்ப என் வாயில வந்தது வேற வார்த்தை, உனக்குத் தெரியும் எதுன்னு. மேல வர்றதுக்குள்ள மாத்தினேன் பாரு, பாஸ்டர் சொல்ற அற்புதம் அதுதான். பாப்பாகிட்ட சொல்லிடாத, என்னைக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டிருக்கா. தலை முழுசா உள்ள போச்சு, யூலா.