சின்னம்மாவுக்குக் காய்ச்சல்

"சின்னம்மாக்குக் காய்ச்சல்" என்று குகன் சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். கொடியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்த தவமலர் கண்ணாலேயே அவனை அடித்தாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டிவிட்டாள்.

"அதான் பார்த்தன், மனிசிய வெளியில காணவேயில்லையே எண்டு. இரி புள்ள, கொத்தமல்லி அவிச்சுத் தாறன்."

"வேணாம் மாமி."

"உனக்கில்லகா. சின்னம்மாக்கு."

அந்த வீட்டில் சின்னம்மா என்று ஒருவரும் இல்லை. இருந்திருக்க வேண்டியவள்தான். அப்பாவை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பவேயில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது, அம்பிளாந்துறையில் இருந்த தங்கச்சியைப் பிள்ளைகளோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அந்தக் கிழமையே வாவிக்கு அந்தப்பக்கம் சண்டை தொடங்கியது. தோணி ஓடவில்லை. சின்னம்மா அக்கரையில் நின்றுவிட்டாள்.

வீட்டில் பெரியாள் யார் என்று வாழைச்சேனை மாமா ஆள் அனுப்பிக் கேட்டார். பெரியாள் இல்லாவிட்டால் இரண்டு பேரையும் விடுதிகளில் சேர்த்துவிடுவாராம். பெட்டைக்கு ஓரிடம், பொடியனுக்கு வேறோரிடம்.

"சின்னம்மா வந்திட்டா" என்றாள் தவமலர்.

அவளுக்குப் பதினேழு வயது, குகனுக்குப் பதினாலு. அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேர். அம்மாவின் பழைய சேலையைச் சின்னம்மாவுடையது மாதிரி நனைத்து நனைத்துக் கொடியில் போடுவாள் தவமலர். பின்னேரமானால் தொண்டையைக் கட்டையாக்கி, ஒழுங்கையில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "டேய் குகன், விளக்கக் கொளுத்துடா!" என்று ஏசுவாள். மற்றவர்களிடம் கையேந்தக்கூடாது என்பது அம்மா சொல்லிவிட்டுப் போனது. முதல் கிழமை சீதேவிப்பிள்ளை கொண்டுவந்த சோற்றைத் தவமலர் மூடி கழற்றாமலே திருப்பிக் கொடுத்தாள். ஆனால் சின்னம்மாவுக்கென்று வருகிறதை எப்படித் திருப்புவது?

கொத்தமல்லித் தண்ணீர் ஒரு செம்பு நிறைய வந்தது. அதை யாராவது குடித்தாக வேண்டும்.

"நீதானே காய்ச்சல வரவச்ச? குடி."

குகன் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தான்.

மறுநாள் சீதேவிப்பிள்ளை எண்ணெய்ப் போத்தலும் கையுமாகப் படியேறினாள். இன்னும் ஓர் எட்டு வைத்தால் அறைக்கதவு. அறைக்குள் பாயும் தலையணையும் மட்டும் கிடந்தன. தவமலர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"உள்ள வரப்படாது மாமி! சின்னம்மாக்கு... சின்னம்மாக்கு அம்மாள் வருத்தம்!"

அம்மை என்றதும் சீதேவிப்பிள்ளை இரண்டு படி பின்னால் இறங்கித் தலைக்கு மேல் கும்பிட்டாள்.

"தாயே, கண்ணகையம்மாளே!"

வாசலில் வேப்பிலை ஏறியது. செவ்விளநீர் வந்தது. கூழ் வந்தது. வராமல் போனது ஒன்றுதான். வாவியில் வலை வீசுகிற கதிர்காமத்தம்பி, விடிய வீட்டுக்குப் போகும்போது, "சின்னம்மாக்கு ஒரு சொதி வைங்க" என்று ஒரு கோர்வை மணலை மீனை வேலிப் படலையில் தொங்கவிட்டுப் போவார். இப்போது அவர் வேப்பிலையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டுவிட்டு, மீனோடு அப்படியே போய்விட்டார்.

குகன் கூழைக் கிண்டிக்கொண்டு இருந்தான்.

"அக்கா, உனக்கு வேற வருத்தம் கிடைக்கல்லியா? மீன் திங்கக்கூடிய வருத்தமா ஒண்டு?"

"வாய மூடிட்டுக் குடி."

அடுத்த ஆபத்து அன்று பின்னேரமே வந்தது. படலைக்கு வெளியே நின்று சீதேவிப்பிள்ளை சொன்னாள்: "உங்களுக்கும் தொத்திரும் புள்ள. ரெண்டு பேரும் எங்கட வீட்ட வந்து படுங்க."

"எங்களுக்கு முந்தியே வந்து மாறிட்டு மாமி."

"ரெண்டு பேருக்குமா?"

"ஓம் மாமி. ஒண்டாத்தான் வந்த."

"அப்ப நல்லம். வெள்ளிக்கிழமை தண்ணி வார்த்து விட்டிருவம். நானும் வாறன், ஒழுங்கையில ரெண்டு மூணு பொம்புளையளும் வருவாங்க. வேப்பிலையும் மஞ்சளும் நான் கொண்டு வாறன்."

தவமலர் தலையை ஆட்டினாள். உள்ளே வந்ததும் கதவில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தண்ணீர் வார்க்க ஓர் உடம்பு வேண்டுமே.

சின்னம்மாவுக்கு வருத்தம் வந்ததிலிருந்து பின்னேரங்களில் ஏச்சு நின்றுபோயிருந்தது. வருத்தக்காரி சத்தம் போட்டால் ஊர் நம்பாது. வீடு அமைதியாகக் கிடந்தது. அக்கரையில் எங்கோ ஒரு ஷெல் விழுந்து, வாவித் தண்ணீருக்கு மேலால் அதன் சத்தம் உருண்டு வந்தது. குகன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"அக்கா."

"என்ன?"

"சின்னம்மா மாதிரி ஒருக்கா ஏசன்."

"வருத்தக்காரி எப்பிடிடா ஏசுற?"

"மெதுவா ஏசன்."

தவமலர் தொண்டையைச் செருமினாள். "டேய் குகன்... கணக்குச் செஞ்சயா? செஞ்சா பாய விரிச்சிப் படு. சட்டையக் கழட்டிட்டுப் படு, வேர்க்கும்." கட்டையாகத் தொடங்கிய குரல் முடியும்போது அம்மாவின் குரலாக இருந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"ஓம்" என்று சொல்லிவிட்டுக் குகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை சீதேவிப்பிள்ளை மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு படலையில் நின்றபோது, தவமலர் முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"சின்னம்மா ஊருக்குப் போயிட்டா மாமி."

"அம்மாள் வருத்தத்தோடயா?"

"ஓம்."

"சென்றியில மறிக்காம ஆமிக்காரன் விட்டவனா?"

"ஓம்..."

"தோணிதான் ஓடல்லியே புள்ள! மறுகா எப்பிடிப் போன?"

பாடத்தில் தோணி இல்லை. பக்கத்தில் நின்ற குகனுக்கு அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

"போய்ச் சேரல்ல மாமி. போற வழியிலயே செத்திட்டா."

சீதேவிப்பிள்ளையின் இடுப்பிலிருந்து குடம் சரிந்தது. மஞ்சள் தண்ணீர் படலையடியெல்லாம் ஓடியது. அவள் இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஈரமான நிலத்திலேயே குந்தி, நெஞ்சில் அடித்து ஒப்பாரி சொல்லத் தொடங்கினாள்.

"என்ர கிளியே! உன்ர வடிவான முகத்த இனி எங்க காணுவன்!"

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முழுக்க அந்த வீட்டில் இருந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருத்தி சின்னம்மாவின் நீண்ட தலைமயிரைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி அவள் கையால் அவித்த பிட்டைச் சொல்லி அழுதாள். தவமலருக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு தம்பியைத் தேடினாள்.

குகன் மூலையில் இருந்து உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்க, மூக்கு ஒழுக.

அதைக் கண்டதும் அவளுடைய சிரிப்பு எங்கேயோ வழி மாறிப் போனது. அப்பாவுக்கு இந்த வீட்டில் ஒருவரும் ஒப்பாரி சொன்னதில்லை. செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லாததால் அழவும் முடியவில்லை. அம்மா விமானம் ஏறிய அன்றும், தம்பி பார்த்துக்கொண்டு நின்றதால் அவள் அழவில்லை. இப்போது எல்லாமாகச் சேர்ந்து வந்தது. சீதேவிப்பிள்ளையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதாள். மாமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுகை அடங்கியபோது தவமலரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாமி, உங்களிட்ட ஒரு விசயம் சொல்லணும். சின்னம்மா..."

மாமி வாசற்பக்கம் பார்த்தாள். வலையை வேலியில் போட்டுவிட்டு, காலில் சேறு காயாமல் வந்த கதிர்காமத்தம்பி, தவமலருக்குப் பக்கத்தில் குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்:

"இந்த வீட்டில சின்னம்மா ஒருத்தி இல்லையெண்டு ஒழுங்கைக்கே தெரியும் புள்ள, அவவ ஏன் அவசரப்பட்டுச் சாகடிச்சீங்க, இனி ஆர்ர பேரச் சொல்லி நாங்க உங்களுக்குத் தின்னத் தாற?"